கடைசிப் பக்கத்துக்கு முன் ஒரு மௌனம்

அப்பா எழுதியதிலேயே நல்ல பக்கத்தை எந்தக் கூட்டமும் கேட்டதில்லை. அவரும் ஒத்திகையில்தான் கேட்டிருந்தார்.

தொழிலைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இசையமைப்பாளர் என்றால், "எந்தப் படம் சார்?" என்பார்கள்.

"படமெல்லாம் இல்லீங்க. சும்மா உக்காந்து கேக்கறதுக்கு."

கேட்டவர் முகத்தில் பரிதாபம் வந்துவிடும். வயலின், வியோலா, செல்லோ என்று வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்களுக்கு அவர் எழுதினார். எழுத வருடக்கணக்காகும், வாசித்து முடிக்க ஒரு மாலை போதும். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால் அல்ல, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்ததால்.

சாப்பாட்டு மேசைதான் அவருடைய பட்டறை. பென்சிலால் எழுதுவார். எழுதியதைவிட அழித்தது அதிகம். "எல்லார் வீட்டுச் சாப்பாட்டுலயும் கல்லு கிடக்கும், நம்ம வீட்ல ரப்பர் தூள்" என்பாள் அம்மா. ஆனால் அப்பாவுக்குப் பாம்புச் செவி. ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டு, "ஃபிரிட்ஜோட சுருதி இறங்கிடுச்சு. படுத்துடப் போகுது" என்றார். லிஃப்ட் கம்பெனியில் எஞ்சினியரான மகள் சிரித்தாள். அந்த வாரமே கம்ப்ரசர் போயிற்று.

"உங்க காதை எங்க கம்பெனிக்கு வாடகைக்கு விடுங்கப்பா."

"காது தனியா வராது. கூடவே நானும் வருவேன். சமாளிப்பியா?"

அம்மா போனது ஆஸ்பத்திரியில், ஒரு பிற்பகலில். ஒரு கையை அப்பாவும் மறு கையை மகளும் பிடித்திருந்தார்கள். மூச்சு நின்றது. அப்பா கையை விட்டு எழுந்துபோய் நர்ஸைக் கூட்டிவந்தார். நர்ஸ் குனிந்து பார்க்கையில் அம்மா மறுபடியும் மூச்சை இழுத்தாள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"நான் எந்திரிச்சிருக்கக் கூடாது" என்றார் அப்பா, வீட்டுக்கு வரும் வழியில். அதற்கு மேல் பேசவில்லை.

பேசாததை எழுதினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முடிவு நெருங்கும்போது நால்வரும் நிறுத்திவிடுவார்கள். நீண்ட மௌனம். அதன் பிறகு கடைசிப் பக்கம். அது என்ன மௌனம் என்று மகள் கேட்கவில்லை. அவளும் அந்தக் கட்டிலருகில் இருந்தவள்தானே.

அரங்கேற்றத்தன்று மௌனம் வந்ததும், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. எழுந்து நின்று தட்டியது. மேடையில் நால்வரும் திருதிருவென்று விழித்தார்கள். அப்பா மேடையேறி வணங்கினார். வேறென்ன செய்வார்? இன்னும் இருக்கிறது, உட்காருங்கள் என்றா சொல்ல முடியும்?

காரில் மகள் கொதித்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"நானே ஏமாந்தவன்தானேம்மா. அவங்களை என்ன சொல்றது?"

அதை மறுபடி வாசிக்க யாரும் கேட்கவில்லை. புதுப் படைப்புகளின் தலையெழுத்து அப்படித்தான்.

பிறகு அப்பாவுக்கும் அதே ஆஸ்பத்திரி. மூச்சு நின்றபோது மகள் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் தானாக வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை.

நினைவுக் கச்சேரியில் அதையே வாசிக்கலாம் என்றவர், அரங்கேற்றத்தில் வாசித்த செல்லோக்காரர். அப்பாவின் பழைய சிநேகிதர், அவளுக்கு மாமா.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்மா, நடுவுல கைதட்டாதீங்கன்னு."

"அப்பா ஒத்துக்க மாட்டார் மாமா. சொல்லி வாங்கினா அது மௌனமில்ல, ஸ்கூல் பிரேயர்னுவார்."

"அப்ப பழையபடி தட்டுவானுங்க. மறுபடி ஒரு தடவை யாரு வாசிக்கப் போறா? என் தோளைப் பாரு, ஓட்டை வண்டி."

லிஃப்ட் நடுவில் நின்றால் ஏறினவர்களைத் திட்டிப் பயனில்லை, முதலில் எது அசைந்தது என்று பார்க்கவேண்டும். அரங்கேற்றத்தின் வீடியோவை அவள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மௌனம் தொடங்கியபோது யாரும் தட்டவில்லை. கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. செல்லோவின் வில் மெல்ல மடிக்கு இறங்கியது. உடனே முதல் கைதட்டல்.

மாமாவுக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தோள் வலிம்மா. கொஞ்சம்தான் இறக்கினேன்." பிறகு, "இத்தனை நாளா ஊரைத் திட்டிட்டிருந்தேன். கெடுத்தது நான்தானா? உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"ஒரு நாள்கூடச் சொல்லலியே."

"உங்ககிட்ட எப்படிச் சொல்லுவார்? விடுங்க மாமா. வில்லை மட்டும் இறக்காதீங்க. கம்பி மேலயே நிக்கட்டும்."

கச்சேரியன்று யாரும் எதையும் அறிவிக்கவில்லை. மௌனம் வந்தது. நான்கு வில்களும் கம்பிமேல் அசையாமல் நின்றன. மாமாவின் முழங்கை நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. பின்வரிசையில் யாரோ இருமலை விழுங்கினார்கள். மகள் தன்னை அறியாமல் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள்.

பிறகு செல்லோ ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை இழுத்தது. வயலின்கள் சேர்ந்துகொண்டன. ஏறி, தயங்கி, இறங்கி, இடையில் விட்டு, மறுபடி ஏறி, ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிந்து போயிற்று. அவளுக்குத் தெரிந்த மூச்சு அது. நர்ஸ் குனிந்து பார்க்கையில் அம்மாவிடம் திரும்பி வந்தது, அப்பாவும் அவளுமாகக் கேட்டது.

முடிந்தது. வில்கள் இறங்கின.

யாரும் கைதட்டவில்லை. முதல் மௌனத்துக்குப் பிறகு இசை வந்ததைக் கேட்ட கூட்டம், இப்போதும் இன்னும் வரும் என்று காத்திருந்தது. மேடையிலிருந்து மாமா அவளைப் பார்த்தார். இனி எதுவும் இல்லை என்பது அந்த அரங்கில் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தட்டினால்தான் முடியும்.

கைப்பிடியை விட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர்களோடு அவளும் காத்திருந்தாள்.