கேசட்டுக்கென்றே எடுத்த படம்

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ கடையில் ஒதுங்கி நிற்கிறேன். டிவியில் ஜப்பான் பொம்மைப் படம். ஜப்பான் கேசட் என்பதால் இங்கத்திய வீடியோ டெக்கில் கலர் வராமல் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறது. ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் நாலைந்து பேர் பார்க்கிறார்கள். முன்னால் ஸ்டூலில் கடைக்காரரின் மனைவி.

“தியேட்டருக்கே வராத படம் சார், கேசட்டுக்குன்னே எடுத்தது. மச்சினன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தான்” என்கிறார் கடைக்காரர்.

“பாஷை புரியுதா?”

“ஒரு எழவும் புரியாது. இவளுக்குக் காது கேக்காது சார். தமிழ்ப் படம் போட்டா, நாங்க சிரிக்கிறதப் பாத்த பொறவுதான் சிரிப்பா. இதுல எங்களுக்கும் ஒண்ணும் வெளங்காதுல்லா? மொகத்தப் பாத்தே இவதான் மொதல்ல சிரிப்பப் பிடிப்பா.”

திரையில் ஒரு கிழவனும் சிறுமியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கிழவனின் புருவம் லேசாக ஏறுகிறது. அந்த அம்மாள் குலுங்கிச் சிரிக்கிறார். அவரைப் பார்த்து மில்காரர்கள் சிரிக்கிறார்கள்.

வெளியே என் பஸ் ஹாரன் அடிக்கிறது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நகராமல் அவர் முகத்தையே பார்த்து நிற்கிறேன், அடுத்த சிரிப்புக்காக.