தங்கச்சிக்குச் சொன்ன கண்டிச்சீமை

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி, நான் இலங்கையிலிருந்து ஊர் திரும்பியிருந்த காலம். எங்கள் பக்கத்தில் அதைக் கண்டிச்சீமை என்பார்கள். அங்கே கடலோரத்து ஊரொன்றில் மளிகைக்கடையில் இருந்தேன். அதனால் இலுப்பூர்ப் பக்கத்தில் யார் கப்பலேறுவதானாலும், அந்த நாடு எப்படி என்று என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கோ இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

என் மனைவியின் தம்பிக்கு அதே கடையில் வேலை கிடைத்தது. தனியாகப் போய்க் கொஞ்ச காலம் வாய்ச்சண்டை இல்லாமல் இருக்கலாம் என்பது அவன் ஆசை. அவன் பெண்டாட்டியோ, கூட வந்தே தீருவேன் என்று நின்றாள்.

"மச்சான், நீங்க சொன்னா அவ கேப்பா. பொய் வேணாம். அங்க உள்ள கஷ்டத்தச் சொல்லுங்க, போதும்" என்று என்னை வீட்டுக்கு இழுத்துப் போனான்.

அந்த வருஷம் மழை பொய்த்து ஊருணி வெடித்துக் கிடந்தது. அவள் எங்கோ போய் எடுத்துவந்த தண்ணீர்க் குடத்தோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அங்க நித்தம் மழை, தங்கச்சி. காயப்போட்ட வேட்டி மறுநாளும் காயாது."

"நித்தமுமாண்ணே? அப்பத் தண்ணிக்கு?"

"வாசல்லயே கெணறு. குனிஞ்சு மொண்டுக்கலாம்."

அவள் குடத்தை இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மச்சினன் என் விலாவில் இடித்தான். "தேங்கா விழுறதச் சொல்லுங்க."

"ஆமா. காத்தடிச்சா தேங்கா விழும். மண்டைய உடைச்சிரும்."

"விழுந்த காய யாரு எடுத்துக்குவா?"

"ஒண்ணு ரெண்டு எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அரைமூடித் தேங்காய்க்கு இவருகிட்டத் தையில சொன்னா மாசியிலதான் வருது" என்றாள்.

மச்சினனுக்கு வேர்த்துவிட்டது. "மண்டபம் கேம்பச் சொல்லுங்க மச்சான்!"

கப்பலேறுமுன் நோய்நொடி பார்க்க அங்கே சில நாள் அடைத்து வைப்பார்கள். ஆண்பிள்ளைகளே அதற்கு அரளுவார்கள்.

"வெளிய விடமாட்டாங்க, தங்கச்சி. ஒரே எடத்துல கெடக்கணும்."

"சோறாக்க வெறகு?"

"நாம ஆக்க வேணாம். அவங்களே ஆக்கிப் போடுவாங்க."

"நான் சும்மா உக்காந்து திங்கணுமா?"

"ஆமா."

புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டையும் எங்கிட்ட மறைச்சா வச்சிருந்தீங்க?"

வெளியே வந்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பயமுறுத்தச் சொன்னா, வெத்தலபாக்கு வச்சில்ல அழைச்சிட்டீங்க!"

"கேட்டதுக்குத்தானப்பா சொன்னேன்" என்றேன்.

இருவரும் சேர்ந்துதான் புறப்பட்டார்கள். அவர்கள் வண்டியேறிய அன்று சாயங்காலம், அந்தத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்க வீட்டுக்காரங்ககிட்டயும் அந்தச் சீமையப் பத்திக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். அவர்களுடைய புருஷன்மார் விராலிமலையைக் கூடத் தாண்டிப் போக நினைத்தவர்கள் இல்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கமாக இறங்கினேன். எங்கள் வீட்டில் அப்போது மாடு கிடையாது.