திருநீறு பூசிய மஸ்டாங்

ஏப்ரல் மாதத்தில் ஏதோவொரு சனிக்கிழமை காலையில் எங்கள் சமையலறை யன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கும். அம்மா அடுப்பில் வைத்த பாலை மறந்து, "ஊலியின்ரை ஆனை எழும்பிட்டுது" என்பார். சுவிஸின் பாடன் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த ஊலி, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர், குளிர்காலம் முழுக்கப் போர்த்தி வைத்த தன் வெள்ளை அமெரிக்க மஸ்டாங் காரை அன்றுதான் நிலக்கீழ்க் கராஜிலிருந்து வெளியே எடுப்பார். கூரை மடிந்து பின்னால் போகும் அந்தத் "திறந்த கார்" கண்ணில் படும்வரை எனக்குக் கோடை தொடங்காது.

தோழிகள் பாடகர்களின் படங்களைச் சுவரில் ஒட்டிய வயதில், நான் மஸ்டாங்கின் வரலாற்றுப் படப்புத்தகத்தை நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து வந்தேன். அறுபதுகளில் நீண்ட மூக்கோடு பிறந்த முதல் தலைமுறை, எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் சுருங்கிப்போன இரண்டாவது, பெட்டிபோலச் சதுரமாகி நெடுங்காலம் ஓடிய மூன்றாவது, தொண்ணூறுகளில் மறுபடி வளைவெடுத்த நான்காவது, முதலாவதின் முகத்தையே கேட்டு வாங்கிக்கொண்ட ஐந்தாவது என்று, சித்தப்பாமாரின் பிள்ளைகளின் பெயர்களைவிட எனக்கு அவை நல்ல பாடம். ஊலியுடையது நான்காவதின் தொடக்க வண்டி. மஸ்டாங் என்றால் பின்விளக்கில் மூன்று கோடுகள் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அதன் பிரியர்களின் பிடிவாதம். அந்த ஓரிரு வருட வண்டிகளில் மட்டும் கோடுகள் படுத்துக்கிடந்தன. நண்பர்கள் பகிடி பண்ணும்போது ஊலி சிரிப்பார், ஆனால் காது சிவந்துவிடும்.

2012இல் நான் பெரியபிள்ளையானதும் எனக்குச் "சாமத்தியவீடு" வைத்தார்கள். மண்டபம், சேலை, கொண்டையில் வைக்கும் பூ, எல்லாம் என்னைக் கேளாமலே முடிவாயின. படம் எடுப்பவர் நீளமான வெள்ளை லிமோசின் ஒன்றையும் பேசி வைத்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மஸ்டாங்கில் போய் இறங்குவேன், இல்லையென்றால் வரவே மாட்டேன் என்று நின்றேன். அம்மாவின் மனத்தைக் கரைக்கப் படப்புத்தகத்தை விரித்தால், அவர் கண் நேரே முதல் தலைமுறையின் பின்விளக்கில் போய் நின்றது.

"உது நாமமெல்லோ போட்டிருக்கு! நாங்கள் சைவக்காரர். நாமம் போட்ட காரிலையோ பிள்ளையை ஏத்துறது?"

பக்கம் புரட்டினேன். ஐந்தாவதிலும் நாமம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். அங்கே காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஊலியிடம் பிரேக்கை ஒருமுறை மிதிக்கச் சொன்னேன். இருபுறமும் மூன்று சிவப்புக் கோடுகள் படுத்தபடி எரிந்தன.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இவர் திருநீறெல்லோ பூசியிருக்கிறார்! ஓம், இதிலையே போகட்டும்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது ஊலியின் காது மறுபடியும் சிவந்தது. அந்த விளக்கை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லையாம். சடங்கன்று காலை திரிம்பாக் ஊரிலுள்ள கோயில் வாசலில் நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டினார்; ஊலி பழத்தை நசித்துக்கொண்டு மெல்ல நகர்த்தினார். மண்டபத்தில் சனத்துக்குக் காரின் பின்பக்கம் தெரியவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நான் இறங்கி, ஆலாத்தி முடிந்து, உள்ளே போகும்வரை அந்த மனிதர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அன்றைய நாளில் நான் கேட்டு நடந்தது அது ஒன்றுதான். அது போதும் என்று தலை நிமிர்த்தி நடந்தேன்.

இப்போது ஏழாம் தலைமுறையும் வந்துவிட்டது, நாமத்தோடுதான். ஊலி முதியோர் இல்லத்தில் இருக்கிறார், யன்னல் நடுங்குவதில்லை. காரை வாங்கிய இளைஞர் முதல் வேலையாகப் பின்விளக்கை மாற்றி, நிமிர்ந்த கோடுகள் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா அழவில்லை.

"கழட்டினதை என்ன செய்தவனாம்? கேள், நான் சட்டையை மாத்திக்கொண்டு வாறன்."

அந்த விளக்குகள் இரண்டும் இன்று அம்மாவின் சாமித்தட்டில், பிள்ளையாருக்கு இருபக்கமும் இருக்கின்றன.