“இது என்னா மணம், பிரபா?”

ரீட்டா இறந்துவிட்டார். நெஞ்சுவலியாம். நோர்வூட்டில் அடக்கம் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன்.

நுவரெலியா ஹோட்டலில் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். ரெஸ்டோரண்டில் வைன் பொறுப்பு அவருக்கு, சாப்பாடு பரிமாறுவது எனக்கு. அழ வேண்டிய நேரத்தில் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்...

வைன் பாஷை ஆரம்பத்தில் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை. ஈரமான சாமானுக்கு ‘ட்ரை’ என்று பேர். இனிப்பு இல்லை என்று அர்த்தமாம். அதை நேராகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

‘டானின்’ மட்டும் சட்டென்று விளங்கியது. சாயம் கூடின, பால் ஊற்றாத பிளேன்டீ குடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. “இதுக்கா நமக்கு ட்ரெய்னிங்கு?” என்று ரீட்டா சிரித்தார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் கிளாஸைச் சுழற்றிவிட்டு “நைஸ் லெக்ஸ்” என்றார். பக்கத்தில் ரீட்டா நிற்கிறார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. போய் நடுவில் நின்றுகொண்டேன்.

ரீட்டா என்னைக் கிச்சனுக்குள் இழுத்துக்கொண்டு போனார். “பிரபா, கிளாஸ்ல வைன் கோடு கோடா வழியுதுல்ல, அதுக்குப் பேருதான் லெக்ஸ். என் காலை யாருங்க பாத்தா?”

அதன் பிறகு கொஞ்ச நாள் என்னைக் கண்டாலே சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொள்வார். பாவி மனுஷி.

ரீட்டாவுக்குக் கொரோனா வந்து, குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு புதுப் பழக்கம். போத்தலைத் திறந்ததும் பார் மூலையில் நின்று கிளாஸில் ஒரு சொட்டு ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “இது என்னா மணம், பிரபா?”

என்னைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். “புதுசா வெட்டுன புல்லு.” “பழுக்காத மாங்கா.” ஒருமுறை, “கந்தப்பளை மரக்கறி லொறியில ஏத்துன லீக்ஸ்.”

அவர் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய், அதையே இங்கிலீஷில் அழகாக எடுத்துவிடுவார். பச்சை வாசம், மூலிகை வாசம்... கேட்கிற எனக்கே அது வேறு வைன் போலத் தெரியும்.

நான் லீவில் இருந்த ஒருநாள் ‘கோர்க்ட்’ ஆன போத்தலை அப்படியே ஊற்றிக் கொடுத்துவிட்டாராம். மேனேஜரிடம் நல்ல ஏச்சு. மறுநாள் நான் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் தக்கைத் துண்டைத் தேடினேன்.

“தக்கை உள்ள விழுறது இல்லங்க அது. வைன் கெட்டுப்போயி, நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குமாம். எனக்குத் தடிமல், மூக்கு அடைச்சிருந்துச்சு, தெரியாமப் போச்சு.”

இன்று செத்த வீட்டில் ரீட்டாவின் தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்கதானே பிரபா அண்ணே? கொரோனாவுக்குப் பொறகு அக்காவுக்கு மணமே தெரியாதுங்க. வெளிய தெரிஞ்சா வைன் வேலையில இருந்து எடுத்துருவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்துச்சு. பிரபா இருக்காரு, சமாளிச்சிருவேன்னு சொல்லும்.”



அன்று ரீட்டா சாக்கு நாத்தம் ‘அடிக்குமாம்’ என்றுதானே சொன்னார். ‘அடிக்குது’ என்று சொல்லவில்லையே. எனக்கு ஏன் உறைக்கவில்லை?

என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இன்னும் ஒழுங்காக மோந்திருப்பேனே... லீவு போட்டிருக்க மாட்டேனே. கோபமா, துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குனிந்து அவர் காதருகே சொன்னேன். மெழுகுதிரி. ரோஜா மாலை. புது வார்னிஷ். வெளியே ஈர மண்.

பக்கத்தில் நின்றவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

போயிட்டு வாங்க, ரீட்டா.