கோசோங் என்றால் காலி

எண்பதுகளின் கடைசியில் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். 'இருந்தேன்' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அதற்கு முன்னால் நாலு வருடம் மைக்ரோஸ்கோப் லைனில் குனிந்து உட்கார்ந்து, தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். மாலை வகுப்புக்குப் போய் ஒரு சர்டிபிகேட் வாங்கி மேலே ஏறி வந்திருந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். கன்ஃபர்ம் ஆகாவிட்டால் பழையபடி மைக்ரோஸ்கோப்தான் என்று பாஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பாவோ அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் என்ஜினியர் என்று யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் முதல் வாரமே கடிதம் போட்டுவிட்டார். நான் லைனுக்குத் திரும்பினால் கழுத்து வலி எனக்கு, மானம் போவது அவருக்கு.

கடைசி மாதத்தில் பாஸ் ஒரு வேலையைக் கொடுத்தார். சிப் கழுவுகிற சுத்தத் தண்ணீர், கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு பெரிய தொட்டியில் இருக்கும். அதில் எவ்வளவு இருக்கிறது என்று கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீசிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் கன்ஃபர்ம்.

அதுவரை தண்ணீரை அளந்தது பம்ப் ரூம் அண்ணன். ஏணியில் ஏறி எட்டிப் பார்ப்பார், இறங்கி வந்து போனில் சொல்வார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பாலம் தாண்டி பேக்டரி பஸ்ஸில் வருகிறவர். நாற்பது வயதுக்கு மேல், வாய் அதைவிட அதிகம். சென்சார் வருகிறது என்றதும் ஏணியை ஒரு உதை உதைத்து, "ஒன்கிட்ட பட்ட பாடு போதும் லா" என்றார்.

அந்த சென்சாரின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்த கூத்து புரியாது. அது தொட்டியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரின் கனத்துக்கு ஏற்றபடி வயரில் கரன்ட் அனுப்பும். தொட்டி நிறைந்திருந்தால் இருபது மில்லிஆம்பியர், காலியாக இருந்தால் நாலு. சைபர் இல்லை, நாலு. ஏனென்றால் வயர் அறுந்தாலும் சைபர்தான் வரும். தொட்டி காலியா, வயர் போச்சா என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். ஆகவே சைபர் வந்தால் தொட்டியை விட்டுவிட்டு வயரைப் பார். மனிதர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தேவலை. எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தால் கோபமா, காது கேட்கவில்லையா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரிந்ததில்லை.

கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த கார்டுக்கு கரன்ட் புரியாது, வோல்ட் மட்டும்தான் புரியும். அதனால் அதன் வாயில் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட வேண்டும். நாலு மில்லிஆம்பியர் ஒரு வோல்ட்டாகிவிடும், இருபது ஐந்தாகிவிடும். ஸ்டோரில் 250 இல்லை. அப்படி ஒரு நம்பரே உலகத்தில் கிடையாது என்று சாதித்தார் ஸ்டோர்க்காரர். ஐந்நூறில் இரண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் போட்டேன், கணக்கு சரியாகிவிட்டது. மானுவலில் இந்த வித்தையெல்லாம் இல்லை. அதை எழுதிய ஆள் வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூவையாவது தொட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

புதன்கிழமை முழுக்க எல்லாம் அழகாக வேலை செய்தது. இனி ஏற வேண்டாம் என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். வியாழன் காலை வந்து பார்த்தால் திரையில் 0.00. போனை எடுத்து பம்ப் ரூமைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்னாண்ணே இது, கோசோங் காட்டுது!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோசோங் மலாய்ச் சொல். சைபர் என்றும் அர்த்தம், காலி என்றும் அர்த்தம். போன் நம்பரில் வருவதும் கோசோங், ஆளில்லாத வீடும் கோசோங், சீனி போடாத தேத்தண்ணியும் கோசோங். நான் சொன்னது சைபர். அவர் காதில் விழுந்தது காலி.

"கோசோங்கா? அலாமா! சரி சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று போனை வைத்தார்.

வயரைத்தான் பார்க்கப் போகிறார் என்று நினைத்து, நான் மேசைக்கடியில் புகுந்து என் பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, தொட்டி நிரம்பட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். தொட்டியில் ஏற்கெனவே முக்கால்வாசி தண்ணீர் இருந்தது.

வழிந்த தண்ணீர் வாசல் பக்கம் பாய்ந்தது. அங்கே வெள்ளிக்கிழமைக்காகச் சிவப்புக் கார்ப்பெட் விரித்து, வாடகைப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பினாங்கிலேயே மிகச் சுத்தமான தண்ணீரில் அலசப்பட்ட கார்ப்பெட் அதுவாகத்தான் இருக்கும். பாஸின் புது ஷூவும் சேர்ந்து அலசப்பட்டது. கத்தல் கேட்டு ஓடிப் போய் நான் நேரே தொட்டியடியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். என் கைவேலைதான். வயரின் பிளாஸ்டிக் தோலைப் போதுமான அளவு உரிக்காமல், ஸ்க்ரூவைத் தோலின் மேலேயே முடுக்கியிருந்தேன். செம்பு ஓரத்தில் பட்டும் படாமலும் ஒரு நாள் தாக்குப்பிடித்து, பிறகு விட்டுவிட்டது. அவசரமாக உரித்து முடுக்கிவிட்டு கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். திரை ஐந்து வோல்ட் காட்டியது, தொட்டி ஃபுல்.

பாஸ் சொதசொதவென்று நடந்து உள்ளே வந்தார். பின்னாலேயே அண்ணன், இடுப்பு வரை ஈரம்.

"சியாபா புன்யா சாலா?" என்றார் பாஸ். யார் தப்பு? அடுத்து என்னைப் பார்த்து, வயரா, ஆளா என்று கேட்டார்.

அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் இருந்த கம்பெனி குடோனுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மைக்ரோஸ்கோப்தான் ஞாபகம் வந்தது.

"வயர் ஓகே, பாஸ்" என்றேன்.

அந்த நிமிடத்தில் அது உண்மைதான். இத்தனை சாமர்த்தியமாக நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் பொய் சொன்னதில்லை.

வந்த பெரிய மனிதர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் எனக்குக் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. அண்ணனுக்கு வார்னிங் லெட்டர் வந்தது. வார்னிங் இருக்கிற ஆளுக்கு மாற்றல் கிடையாது. பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பாஸின் அறைக்குப் போய், தப்பு வயரில்தான், வயர் என்னுடையது என்று சொன்னேன்.

"ஐ நோ லா" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். டிராயரிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து மேசையில் போட்டார். என் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்து வைத்ததன் பிரின்ட். அன்று காலை வரிசையாக 0.00, பிறகு திடீரென்று 5.00. சைபர் என்றால் என்ன என்று தனக்கும் தெரியும், ஆனால் யாராவது ஒருவர் தலையில் போட்டாக வேண்டும், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தனக்கு வேண்டும், லெட்டர் ஃபைலுக்குப் போயாச்சு, நீயும் போய் வேலையைப் பார் என்றார்.

அண்ணன் கேன்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்தது. அவர் தட்டை வழித்து முடித்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. நீ ஓடி வந்து பாக்ஸ தொறந்து முடுக்குனப்ப, நான் பக்கத்துலதானே வால்வ மூடிக்கிட்டு நின்னேன்."

"அப்ப ஏண்ணே பாஸ்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.