பால்கட்டு

"குடும்பத்துல வேற யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?" என்று பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அக்காவின் இடது மார்பில் இருப்பது அதுதான் என்று அப்போதுதான் உறுதியாகியிருந்தது.

"இல்லீங்க," என்றாள் அக்கா பட்டென்று. "அம்மாகூட பால்கட்டுலதான் செத்தாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவின் மார்பில் கட்டி வந்தது. பால் கட்டிக்கொண்டது என்று தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். தம்பி பால் மறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகும் கட்டி கரையவில்லை, பெயரும் மாறவில்லை. அது புற்றுநோயாக இருந்திருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கும் இத்தனை வருடமாகத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினேன்.

அக்காவின் இரத்தம் கொழும்புக்குப் போனது. பரம்பரைப் பழுதுதான் என்று முடிவு வந்தது. ஹாலிஎல பஸ்ஸில் அவளுக்கு விளக்கினேன்.

"கட்டி வராம அடக்குறதுக்கு ஒரு ஜீன் இருக்குக்கா. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. மலையில கொழுந்தெடுக்கிற ஒங்கள மேய்க்க ரெண்டு கங்காணி நிக்கிற மாதிரி. ஒனக்கு அம்மா குடுத்தது பொறக்கும்போதே பழுது. மார்ல ஏதோ ஒரு செல்லுல குரோமோசோம் துண்டு ஒண்ணு கழண்டப்ப, நல்லதும் அதோட போயிருச்சு. கேக்க ஆளில்லாம செல்லு பெருகிருச்சு."

"கங்காணி இல்லாட்டி நாங்க சந்தோசமால்ல இருப்போம்," என்றாள். சிரித்துவிட்டு உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கும் இருக்குமாடி?"

பாதிக்குப் பாதி என்றேன். நானும் இரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருந்தது. பயந்துதான் போனேன். ஆனால் பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, வருடா வருடம் பார்த்துக்கொண்டால் வந்தாலும் முளையிலேயே பிடிக்கலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை.

முதல் ஸ்கேனுக்கு அக்காதான் துணைக்கு வந்தாள். சிகிச்சை முடிந்து, தலையில் குச்சி குச்சியாக முடி வந்திருந்தது. முடிவு வாங்கிய அன்றும் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழுதது போதும். அடுத்த வருசம் ஸ்கேனுக்கும் நீதான் கூட்டிக்கிட்டு வரணும்."

நோய் வந்ததிலிருந்து அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட அவள் பேசியதில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரேன்டி. ஆனா காலையில மொத பஸ்ஸுக்கே போயிறணும், இங்க என்னா கூட்டம்!"