பெல்ட்டுக்காரரின் குரல்

மூடிவிட்ட வேலையிலிருந்து ஆளை எழுப்பி, இன்னும் திறக்காத வேலையில் உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. அனல்மின் நிலையத்தில் பழைய யூனிட்டை நிறுத்தியபோது வெளியே வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாற்று வேலை பிடித்துத் தருகிற திட்டத்தில் நான் பயிற்சியாளர். வாக்குக் கொடுத்தே சம்பளம் வாங்குகிற என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

மெதுவாகப் பேசும் வகுப்பு

சூரமங்கலத்தில் ஒரு வாடகை மாடி. 'வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி' என்பது பாடம். செங்கோடண்ணன் எழுந்து "வணக்கமுங்க!" என்றார். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஏற்றிப்போகும் பெல்ட்டில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். கேட்காவிட்டால் யாருக்காவது கை போய்விடும். 'கொஞ்சம் மெதுவாண்ணா' என்று கெஞ்சினேன். அவர் சொன்னார்: "மெதுவாத்தானுங்க அம்மிணி பேசறேன். இதுக்கு மேல கொறச்சா எனக்கே கேக்காதுங்க!"

துணிக்கடை

அவர் மகள் நர்ஸிங் படிக்கிறாள். அப்பாவுக்கு வேலை அமையாவிட்டால் படிப்பு அத்தோடு சரி. கையைக் காலைப் பிடித்து ஒரு துணிக்கடையில் சேர்த்துவிட்டேன். சேலை விலையைக் குறைக்கச் சொன்ன ஒரு அம்மாவிடம் "முடியாதுங்க!" என்று இவர் சாதாரணமாகத்தான் சொன்னாராம். அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் முதலாளி போன் செய்தார்: "ஏம்மா, நான் சேல்ஸ்மேன் கேட்டா, நீ மாநாட்டுக்குக் கோஷம் போடற ஆளை அனுப்பியிருக்கியே!"

நூல் மில்

அட, கத்துகிற இடத்துக்கே அனுப்பினால் என்ன? அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் கூட்டிப் போனேன். அந்தச் சத்தத்தில் அவர் குரல் ஒன்றுதான் எடுபட்டது. சூப்பர்வைசருக்கு ஏக சந்தோஷம், நாளைக்கே வரச் சொன்னார். அண்ணன் அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அப்புறம் மில் டாக்டர் காதைச் சோதித்தார். இரண்டு காதும் பெரும்பாலும் போய்விட்டது, இனி சத்தத்தில் வேலைக்கு விடவே கூடாது என்றார். டாக்டர் மேல் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பெல்ட்டில் இருந்த காலத்தில் இந்தக் காதை ஒருத்தனும் சோதிக்கவில்லையே! நஷ்டஈடு ஏதாவது கேட்கலாமா என்று எங்கள் அதிகாரிக்குப் போன் செய்தேன். "நம்ம திட்டம் வேலை குடுக்கறதுக்கும்மா, காது குடுக்கறதுக்கு இல்ல" என்றார்.

பஸ் ஸ்டாப்

திரும்பும்போது அண்ணனுக்கு மகளிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பஸ் வரும் நேரத்தில் போனை என் கையில் வைத்து, குனிந்து சொன்னார்: "எம் புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க அம்மிணி. நாஞ் சொன்னா ஊரு முச்சூடும் கேட்டுரும்."

இதை எனக்கு மட்டுமே கேட்கிற குரலில் அவர் சொன்னதால், மெதுவாகப் பேசும் பயிற்சியில் தேர்ச்சி என்று அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டு அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டேன்.